பெட்ரோல் திருடன்

என் வாழ்க்கையில் ஒரே ஒருவரைத்தான் முகத்துக்கு நேராகத் திருடன் என்கிற அர்த்தத்தில் பேசியிருக்கிறேன். அவர் திருடவில்லை. உள்ளங்கைக்குள் அடங்குகிற ஒரு பித்தளை டப்பா செய்த வேலைக்கு அந்த மனிதர் பழி சுமந்தார். இது அந்த டப்பாவின் கதை.

வருஷம் 2001. ராமநாதபுரத்தில் ஓர் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் இருந்தேன். வயது இருபத்தாறு. அந்த வயதில், அதுவும் கணக்குப் பிரிவில், ஊரில் உள்ள அத்தனை பேரும் ஏதோ ஒரு ரசீதை மறைக்கிறார்கள் என்றுதான் தோன்றும்.

வீட்டில் 1983 மாடல் பிரீமியர் பத்மினி ஒன்று இருந்தது. ஃபியட் 1100 வம்சம். 1089 சி.சி. இன்ஜின், ஸ்டீயரிங்குக்குப் பக்கத்திலேயே கியர், முன்னால் பெஞ்சு மாதிரி ஒரே நீள சீட். பம்பாயில் அந்த ஜாதிதான் டாக்ஸியாக ஓடிக்கொண்டிருந்தது. 2023 அக்டோபரில்தான் அங்கே கடைசி பத்மினி டாக்ஸிக்கு ஓய்வு கொடுத்தார்கள்.

அப்பாவுக்குக் கண் ஆபரேஷனுக்குப் பிறகு வண்டி ஓட்ட பயம். அதனால் பட்டணம்காத்தானிலிருந்து ஒரு டிரைவர் அண்ணன் வருவார். மாசச் சம்பளம் கிடையாது. கூப்பிடும்போது வருவார், பேட்டா வாங்கிக்கொள்வார். அமாவாசைக்கு அமாவாசை அப்பாவை ராமேஸ்வரத்துக்குக் கூட்டிப் போய், அக்னி தீர்த்தத்தில் முழுக வைத்து, பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவந்து விடுவது அவர் பொறுப்பு.

போக ஐம்பத்தைந்து, வர ஐம்பத்தைந்து. மொத்தம் 110 கிலோமீட்டர். வண்டி லிட்டருக்குப் பன்னிரண்டு கொடுத்துக்கொண்டிருந்தது. அதாவது ஒன்பது லிட்டரும் கொஞ்சமும். சரியா? திடீரென்று ஓர் அமாவாசைக்கு பதினோரு லிட்டர் ஆனது. அடுத்த அமாவாசைக்குப் பதினாலு!

நாலே முக்கால் லிட்டர் எங்கே?

நான் துப்பறிய ஆரம்பித்தேன். டேங்க்குக்குப் பூட்டுப் போட்ட மூடி வாங்கினேன். மீட்டரைக் குறித்துவைத்தேன். அவர் வண்டியை நிறுத்திவிட்டு வரும்போது யதேச்சையாகப் பக்கத்தில் போய் மூக்கை உறிஞ்சினேன். பெட்ரோல் வாடை அடித்தது! (டிரைவர் மேல் பெட்ரோல் வாடை அடிக்காமல் மல்லிகைப்பூ வாசமா அடிக்கும் என்று அன்றைக்குத் தோன்றவில்லை.)

இத்தனைக்கும் அவர் என்னிடம் இரண்டு தடவை சொல்லியிருந்தார்: "தம்பி, வண்டி பெட்ரோலை மொடமொடன்னு குடிக்குது. சூட்டுல ஆஃப் பண்ணினா மறுபடி ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது. கார்புரேட்டரைப் பிரிச்சுப் பாக்கணும்."

திருடன் வேறு எப்படிப் பேசுவான் என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாவது அமாவாசை முடிந்து வந்ததும் வாசலிலேயே நிறுத்திக் கேட்டேன். "அண்ணே, பெட்ரோல் எங்கே போவுதுன்னு எனக்குத் தெரியும். நான் சொல்லணுமா, நீங்களே சொல்றீங்களா?"

அவர் ஒன்றும் பேசவில்லை. சாவியைத் திண்ணையில் வைத்தார். உள்ளே பார்த்து, "வர்றேன் ஐயா" என்றார். சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அன்றைய பேட்டாவைக்கூட வாங்கவில்லை.

அப்பா ரொம்ப நேரம் சும்மா இருந்துவிட்டுச் சொன்னார்: "அவன் வண்டி சொன்னதைச் சொன்னான். நீ நோட்டு சொன்னதைச் சொல்றே."

அடுத்த அமாவாசைக்கு நானே ஓட்டினேன். உச்சிப்புளி தாண்டி, மண்டபம் தாண்டி, பாம்பன் பாலம். 1988-ல் திறந்த ரோட்டுப் பாலம், இரண்டேகால் கிலோமீட்டருக்கும் கொஞ்சம் அதிகம். பாலத்தின் மேல் நிறுத்தி, கீழே 1914-ஆம் வருஷத்து ரயில் பாலத்தைப் பார்க்காமல் போனால் ராமேஸ்வரம் போன கணக்கில் சேராது. எல்லோரையும் போல நானும் நிறுத்தினேன். இன்ஜினை ஆஃப் செய்தேன். பத்து நிமிஷம் கடல் காற்று வாங்கிவிட்டுச் சாவியைத் திருப்பினால்... கர்ர்ர்... கர்ர்ர்... அவ்வளவுதான்.

ஆக்ஸிலரேட்டரை மிதித்தேன். மறுபடி மிதித்தேன். பத்துத் தடவை மிதித்தேன். பெட்ரோல் வாடை மூக்கைத் துளைத்தது. பின்னால் லாரி, பஸ், சுற்றுலா வேன் எல்லாம் சேர்ந்து ஹாரனில் கச்சேரி. வெயிலில், வேட்டி படபடக்க, அப்பா கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

ஒரு லாரி டிரைவர் இறங்கி வந்தார். குனிந்து முகர்ந்து பார்த்தார். "பெட்ரோல் ரொம்பிக் கெடக்கு. ஏன் சார் போட்டு மிதிக்கிறீங்க? ஒவ்வொரு மிதிக்கும் உள்ளே பெட்ரோல் பீச்சும். ஒரே அழுத்தா கடைசி வரைக்கும் மிதிச்சுப் புடிச்சுக்கிட்டு ஸ்டார்ட் பண்ணுங்க. விட்டு விட்டு மிதிக்காதீங்க."

அப்படியே செய்தேன். கதவு முழுசாகத் திறந்து, காற்று உள்ளே போய், வண்டி இருமிக்கொண்டு உயிர் பெற்றது. பின்னால் கன்னங்கரேல் என்று ஒரு புகை, தீபாவளி மாதிரி. அந்தப் புகையைக் கண்ணாடியில் பார்த்தபோதுதான் வயிற்றில் ஏதோ செய்தது. இன்றைக்கு டிரைவர் இல்லை. பெட்ரோலை ஊற்றியவன் நான், பூட்டியவன் நான், ஓட்டுகிறவன் நான். திருட்டு மட்டும் நடந்துகொண்டே இருக்கிறது!

மறுநாள் பாரதி நகர் பக்கம் வேப்பமரத்தடியில் ஷெட் வைத்திருந்த மெக்கானிக் பாயிடம் போனேன்.

"பாய், கார்புரேட்டரைக் கழட்டுங்க" என்றேன்.

"அதை நான்ல சொல்லணும்?" என்றார் பாய்.

கார்புரேட்டர் என்பது ஒன்றுமில்லை சார். கொசு மருந்து அடிக்கிற பம்ப் தெரியுமில்லையா? காற்று வேகமாகப் போகிற இடத்தில் அழுத்தம் குறையும், கீழே இருக்கிற மருந்து மேலேறித் தெறிக்கும். அதேதான். இன்ஜின் உறிஞ்சுகிற காற்று ஒரு குறுகிய கழுத்து வழியே வேகமெடுக்கிறது. அந்தக் கழுத்துக்கு வென்சூரி என்ற இத்தாலிய விஞ்ஞானியின் பெயர். அங்கே பெட்ரோல் தெறித்துக் காற்றோடு கலக்கிறது. 1890-களில் ஜெர்மனியின் வில்ஹெல்ம் மேபாக் போன்றவர்கள் உருவாக்கிய ஏற்பாடு. ஒரு கிலோ பெட்ரோல் சரியாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். காற்று குறைந்தால் கரும்புகை, கூடினால் வண்டி திக்கித் திக்கிப் போகும்.

பாய் முதலில் கார்புரேட்டரைத் தொடவே இல்லை. கேள்வி கேட்டார். காலையில் ஸ்டார்ட் ஆகிறதா? ஆகிறது. சூட்டில்? இல்லை. புகை என்ன நிறம்? கறுப்பு. "நீலமா இருந்தா ஆயில். கறுப்புன்னா பெட்ரோல்."

பிறகு சோக் ஒயரை இழுத்து விட்டுப் பார்த்தார். சோக் பாதியில் மாட்டிக்கொண்டு நின்றாலே வண்டி பெட்ரோலைக் குடிக்கும். அது சரியாக இருந்தது. ஏர் ஃபில்டரைத் தட்டினார். நம்ம பக்கத்து மணல் கொட்டியது. அடைத்த ஃபில்டரும் காற்றைக் குறைக்கும். சுத்தம் பண்ணினார். அதற்கப்புறம் நாலு பிளக்கையும் கழற்றி வரிசையாகப் பேப்பரில் வைத்தார். நாலும் அடுப்புக்கரி.

"பாருங்க தம்பி. நல்ல பிளக்கு காப்பித்தூள் கலர்ல இருக்கும். வெள்ளையா இருந்தா பெட்ரோல் பத்தலை. ஒண்ணு மட்டும் கறுப்பா இருந்தா அந்தப் பிளக்கோ, அதோட ஒயரோ, அந்த சிலிண்டரோ. நாலும் ஒரே மாதிரி கறுப்புன்னா, நாலுக்கும் சமைச்சுப் போடுற இடத்துலதான் கோளாறு."

அப்புறமும் அவசரப்படவில்லை. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து பாயின்ட்டைத் தேய்த்து இடைவெளி பார்த்தார். உப்புக் காற்று அடிக்கிற இடத்தில் பாயின்ட் பூத்துவிடும். நெருப்புப் பொறி பலவீனமானாலும் கரி பிடிக்கும். கார்புரேட்டர் மேல் வருகிற புகாரில் பாதி உண்மையில் கரென்ட் புகார் என்பது பாயின் அனுபவம்.

கடைசியாக இன்ஜினைச் சூடாக்கி, ஆஃப் செய்து, ஃபில்டர் இல்லாமல் கார்புரேட்டர் கழுத்துக்குள் டார்ச் அடித்தார். "வாங்க, எட்டிப் பாருங்க."

பார்த்தேன். இன்ஜின் ஓடவில்லை. ஆனால் உள்ளே சொட்டு... சொட்டு... சொட்டு... என்று பெட்ரோல் விழுந்துகொண்டிருந்தது.

"இதாண்டா உன் திருடன்" என்று பாய் சொல்லவில்லை. எனக்கு அப்படிக் கேட்டது.

வீட்டு மாடியில் தண்ணீர்த் தொட்டி இருக்கிறதல்லவா? தண்ணீர் ஏறினால் பந்து மிதந்து குழாயை மூடும். கார்புரேட்டருக்குப் பக்கத்திலும் ஒரு குட்டித் தொட்டி. அதில் ஒரு மிதவை. பெட்ரோல் உரிய மட்டத்துக்கு வந்ததும் மிதவை மேலே எழும்பி ஒரு ஊசி வால்வை மூடவேண்டும். பாய் தொட்டியைத் திறந்து அந்தப் பித்தளை மிதவையை எடுத்து என் காதருகே ஆட்டினார். களக் களக். இளநீரை ஆட்டினால் கேட்குமே, அந்தச் சத்தம். உள்ளே பெட்ரோல்!

சுடுதண்ணீரில் அமுக்கிப் பிடித்தார். ஒட்டுப்போட்ட விளிம்பிலிருந்து குமிழ் குமிழாக வந்தது. குண்டூசி முனைகூட இல்லாத ஓட்டை. அது வழியாகப் பெட்ரோல் உள்ளே போக, மிதவை கனத்துப் பாதி முங்க, வால்வு மூடாமல், பெட்ரோல் வழிந்துகொண்டே இருந்திருக்கிறது.

உள்ளே இருந்த பெட்ரோல் முழுக்க ஆவியாகிப் போகும்வரை காத்திருந்தார். மிச்சம் இருந்தால் அது மிதவை இல்லை, சிவகாசி சரக்கு. பிறகு ஓட்டையை ஈயத்தால் அடைத்தார். அடைத்த ஈயத்தையும் அரத்தால் தேய்த்து மெலிதாக்கினார். "ஈயம் கூடினா மிதவை கனக்கும். பழைய கோளாறு புதுசா வரும்." ஊசி வால்வை மாற்றினார். ஜெட்டுகளைக் காற்றடித்து மட்டுமே சுத்தம் செய்தார். நான் உதவியாக ஒரு கம்பியை நீட்டினேன். கையைத் தட்டிவிட்டார். அந்தத் துளை கொஞ்சம் பெரிதானாலும் ஆயுசுக்கும் பெட்ரோல் நஷ்டம். கடைசியில், இன்ஜின் சூடான பிறகு ஐடில் ஸ்குரூவை முட்டும்வரை மெதுவாக உள்ளே விட்டு, ஒன்றரைச் சுற்று வெளியே எடுத்து, சத்தம் சீராகும் இடத்தில் நிறுத்தினார்.

இன்று புதுக் கார்களில் கார்புரேட்டர் கிடையாது. கம்ப்யூட்டர் அளந்து பீச்சுகிறது. ஆசைக்குப் பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை: இப்போது வரும் பெட்ரோலில் நூற்றுக்கு இருபது எத்தனால். அது ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பர் குழாய்களையும் வாஷர்களையும் ஊற வைக்கும். அவற்றை மாற்றிவிடுங்கள். மாசக்கணக்கில் ஓட்டாமல் நிறுத்துவதானால் கார்புரேட்டரைக் காலி செய்துவிடுங்கள். எதைச் செய்தாலும் பாய் பார்த்த வரிசையில் பாருங்கள். கேள்வி முதலில். ஸ்பேனர் கடைசியில்.

நான் தலைகீழாகச் செய்திருந்தேன்.

அடுத்த வாரம் வண்டி பழையபடி பன்னிரண்டு கொடுத்தது. அன்று சாயங்காலமே பட்டணம்காத்தான் போனேன். அவர் வாசலில் சைக்கிளுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். என்ன பேசுவது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. பையிலிருந்து பழைய ஊசி வால்வை எடுத்து நீட்டினேன்.

வாங்கிப் பார்த்தார். "மிதவையும் போயிருக்குமே?"

"ஆமாண்ணே. ஓட்டை."

திருப்பிக் கொடுத்தார்.

"தப்பா பேசிட்டேன்ணே."

"ஐயா எப்படி இருக்காக?" என்றார். "பாலத்துல நிக்க வச்சுட்டீகளாமே?"

ராமநாதபுரம் சின்ன ஊர்.

அடுத்த அமாவாசைக்கு வந்தார். அப்பாவுக்குத் தாங்கமுடியாத சந்தோஷம். முன் சீட்டில் ஏறிக்கொண்டு, போகும்போதும் வரும்போதும் பேச்சு. எல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்றுதான் நானும் நினைத்தேன்.

ராத்திரி வந்து சாவியை வைத்தார். சாவிக்குப் பக்கத்தில், நாலாக மடித்து, பெட்ரோல் பங்க் ரசீது.

"இதெல்லாம் எதுக்குண்ணே?"

"இருக்கட்டும் தம்பி."

அதற்குப் பிறகு எட்டு வருஷம், அப்பா காலமாகும்வரை, எங்கள் வண்டியை அவர்தான் ஓட்டினார். ஒரு தடவைகூட அந்த ரசீது வராமல் இருந்ததில்லை. ஐந்து லிட்டர் போட்டாலும் ரசீது. காற்று அடிக்கக் கொடுத்த சில்லறைக்கும் துண்டுச் சீட்டில் கணக்கு. வேண்டாம் என்று நான் சொல்லாத நாள் இல்லை. இருக்கட்டும் என்று அவர் வைக்காத நாளும் இல்லை.