பிறந்த ஊர்: அட்டன்

எங்க தெருவில் எல்லார் வீட்டிலும் ஆயா. எங்க வீட்டில் மட்டும் அப்பாயி. மேனாம்பேட்டுக்கு வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகியும் அந்த ஒரு வார்த்தையை வெச்சு ஃப்ரெண்ட்ஸ் என்னை இன்னும் கலாய்க்கிறானுங்க.

அப்பாயி பிறந்தது இலங்கை மலையகத்தில், அட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில். 1964 அக்டோபரில் லால்பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஒரு ஒப்பந்தம் போட்டாங்க. நாடற்றவர்கள்னு கணக்கு வந்த 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பத்தி அப்புறம் பேசிக்கலாம். (1974-ல் பேசி ஆளுக்குப் பாதி எடுத்துக்கிட்டாங்க. பந்தியில மிஞ்சின லட்டு மாதிரி!) அந்தக் கணக்கில் இந்தியா பக்கம் விழுந்தவங்க அப்பாயியும் தாத்தாவும். 1973-ல் தலைமன்னாரில் ராமானுஜம் கப்பல் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கினாங்க. அப்புறம் மண்டபம் முகாம், அப்புறம் எங்கெங்கேயோ சுத்தி, அம்பத்தூர் எஸ்டேட்டில் அப்பாவுக்கு வேலை கிடைச்சு இங்கே.

2023 ஜூன் 5-ம் தேதி சென்னைத் துறைமுகத்திலிருந்து எம்ப்ரஸ் சொகுசுக் கப்பல் இலங்கைக்குக் கிளம்பினதை டி.வி-யில் காட்டினாங்க. அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை. அப்பா சட்டுனு, "அம்மாவை இதுல கூட்டிட்டுப் போலாம்டா"ன்னார். போனஸ் பணத்தை எதுக்குமே தொடாத மனுஷன்! அப்பாயி பதில் சொல்லலை. டி.வி-யையே பார்த்துக்கிட்டிருந்தாங்க.

டாக்குமென்ட் டிபார்ட்மென்ட் எனக்கு. வீட்டில் காலேஜ் படிக்கிற பிள்ளை இருந்தா ஃபார்ம் நிரப்புற வேலை தானா வந்து சேருமே, உங்களுக்கும் தெரியுமே பாஸ்!

முதலில் போன டிராவல்ஸ்காரர் ரொம்ப கூலா, "பாட்டிக்கு அறுபத்தஞ்சு தாண்டிடுச்சுல்ல? ஆதாரே போதும்"னார். அவர் சொன்னது நேபாளம், பூட்டான் போறவங்களுக்கான சலுகை. 15 வயசுக்குக் கீழேயும் 65-க்கு மேலேயும் இருக்கிறவங்க அங்கே ஆதாரைக் காட்டிப் போகலாம். இலங்கைக்குக் கப்பலில் போனாலும் சரி, நீந்திப் போனாலும் சரி, பாஸ்போர்ட் வேணும். கப்பல் டிக்கெட் வேற, ஒரு நாட்டுக்குள்ளே கால் வைக்கிற அனுமதி வேற. கப்பல் மூணு நாட்டில் நின்னா, மூணு நாட்டு விதியையும் பார்க்கணும். பல நாடுகள் பாஸ்போர்ட்டில் ஆறு மாசமாவது ஆயுள் மிச்சம் இருக்கணும்னு கேட்கும். விசா விதிகள் அடிக்கடி மாறும்; டிக்கெட் போடுற அன்னிக்கு அந்தந்த நாட்டு அரசாங்க இணையதளத்தைத் திறந்து பாருங்க. நம்ம லட்சத்தீவுக்கு பாஸ்போர்ட் வேண்டாம், ஆனா பெர்மிட் வேணும்.

இனிஷியல்தான் தமிழனுக்குப் பெரிய வில்லன். பாஸ்போர்ட்டில் வெறும் 'ஆர்'னு ஒத்தை எழுத்தை விடமாட்டாங்க, விரிச்சு எழுதணும். சர்நேம் கட்டத்தைக் காலியா விடலாம்; ஆனா 2022 நவம்பரில் துபாய் பக்கம் ஒத்தைப் பேர்காரங்களை விசிட் விசாவில் ஏத்தமாட்டோம்னு சொல்லி, அப்புறம் கடைசிப் பக்கத்தில் அப்பா பேர் இருந்தா சரின்னு இறங்கி வந்தாங்க. அதனால அப்பா பேரை சர்நேம் கட்டத்தில் போட்டுடறது நிம்மதி. உங்க டென்த் மார்க் ஷீட்டைப் பத்திரமா வெச்சுக்கோங்க. பிறந்த தேதிக்கும் அதுதான், வேலைக்குப் போறப்ப குடியேற்ற அனுமதி கேட்காம இருக்கவும் அதுதான்.

அப்பாயிக்கு டென்த் ஏது? அவங்ககிட்ட இருந்தது ஒரு பச்சை டிரங்க் பெட்டி. அதில் ரெண்டு அயிட்டம். ஒண்ணு, தாயகம் திரும்பினவங்களுக்குக் கொடுத்த குடும்ப அட்டை. இன்னொண்ணு, கண்டியில் இருக்கிற இந்திய உதவி ஹை கமிஷன் கொடுத்த இந்திய பாஸ்போர்ட். கையால் எழுதினது. இருபத்து மூணு வயசு அப்பாயி அதில் ரெட்டைச் சடை போட்டு முறைச்சுக்கிட்டிருக்காங்க. ஐம்பது வருஷத்தில் அந்த பாஸ்போர்ட் போன ஒரே பயணம் தலைமன்னார் டு ராமேஸ்வரம்.

பிரவுசிங் சென்டர் அண்ணன் அதைப் பார்த்ததும் பதறிட்டார். "இத்த வெளிய காட்டாத தம்பி. ஃப்ரெஷ்னு போடு. பொறந்த ஊரு திருச்சினு போடு. அறுபதுக்கு மேலனு பத்து பர்சென்ட் தள்ளுபடியும் வரும். சிலோன்னு போட்டா நோண்டுவானுங்க."

அவர் கெட்டவர் இல்லை, வேலை சுளுவா முடியணும்னு நினைக்கிறவர். நோண்டுவாங்கங்கிறதும் நிஜம். ஆனா பாஸ்போர்ட் ஒரு தடவை வாங்கியிருந்தா, அது காலாவதியாகி எத்தனை வருஷம் ஆனாலும் அடுத்தது ரீ-இஷ்யூதான், ஃப்ரெஷ் இல்லை. தெரிஞ்சே பொய்த் தகவல் கொடுத்தா 1967-ம் வருஷத்து பாஸ்போர்ட் சட்டத்தின் 12-ம் பிரிவில் ரெண்டு வருஷம் வரைக்கும் ஜெயில் இருக்கு. ஃபார்மில் இன்னொரு கேள்வியும் உண்டு: இந்தியக் குடியுரிமை எப்படி வந்தது? பிறப்பாலா, வம்சாவளியாலா, பதிவாலா? நாமெல்லாம் யோசிக்காம முதல் வட்டத்தை க்ளிக் பண்ணிட்டுப் போயிடுவோம். அப்பாயிக்கு அது மூணாவது. அதுக்கான ஆதாரம் அந்த டிரங்க் பெட்டிதான்.

அப்பாவே கொஞ்சம் தடுமாறினார். "திருச்சினே போட்டுடலாமாடா? நம்ம பூர்வீகமும் அதானே." அப்பாயி வெத்தலையை மென்னுக்கிட்டே சொன்னாங்க: "பொறந்த எடத்த மாத்தி எழுதிப்புட்டு அங்க போயி நான் என்னத்தடா பாக்க?"

அட்டன்னே போட்டோம். ஆதாரில் இனிஷியல் தாத்தாவுடையது, பழைய பாஸ்போர்ட்டில் அப்பாயியோட அப்பாவுடையது. முதலில் அதைச் சரிபண்ண அலைச்சல், சேவா மையத்துக்கு ரெண்டு நடை, கூடுதல் பேப்பர்கள். போலீஸ் வெரிஃபிகேஷனுக்கு வந்தவர், "இந்தியாவுக்கு எப்ப வந்தீங்கம்மா?"ன்னு கேட்டப்ப எனக்கு வயிற்றைக் கலக்கிடுச்சு. ஐம்பது வருஷமா ஓட்டுப் போடுற மனுஷிகிட்ட கேட்கிற கேள்வியா அது? அப்பாயி அலட்டிக்காம குடும்ப அட்டையை நீட்டினாங்க. அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, போன்ல படம் எடுத்துக்கிட்டுப் போனார். மாசங்கள் ஓடி, ஒருவழியா ஸ்பீட் போஸ்ட் வந்தது.

ஆனா சொகுசுக் கப்பல் பிளான் அதுக்குள்ளே செத்துப்போச்சு. மேப்பை விரிச்சுப் பார்த்தா, கப்பல் நிக்கிற மூணு ஊரும் கரையோரம், அட்டன் நடு மலையில். கப்பல் கரையில் நிக்கிற நேரத்துக்குள்ளே மலையேறி இறங்கித் திரும்ப முடியாது. "நீச்சக் குளமெல்லாம் எனக்கெதுக்கு?"ன்னுட்டாங்க அப்பாயி. அப்பாவுக்குத்தான் மனசு ஆறலை.

2023 அக்டோபர் 14-ல் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் தொடங்கி, கொஞ்ச நாளில் நின்னு, 2024 ஆகஸ்டில் 'சிவகங்கை'ன்னு வேற கப்பலோட திரும்ப வந்தது. அதில் போய், அங்கேயிருந்து ரயில் பிடிச்சு, மலையேறணும். சுத்துதான். மழைக்காலத்தில் கப்பல் நிக்கும்கிறதால, வெயில் வரட்டும்னு காத்திருக்கோம்.

அப்பாயி இப்பவே பை ரெடி பண்ணிட்டாங்க. அதில் ரெண்டு பாஸ்போர்ட்டும் இருக்கு. "பழசு எதுக்கு அப்பாயி, செல்லாதே?"ன்னேன். "லயத்துல யாராச்சும் மிச்சமிருந்தா, என்னய எப்புடிடா அடையாளம் தெரியும்?"னு அந்த ரெட்டைச் சடை போட்டோவைக் காட்டினாங்க.