மண்ணிறக் கம்பி

எங்கள் வீட்டில் றப்பர் கருகும் மணம் வந்தால் உம்மா முதலில் எட்டிப் பார்ப்பது குசினியை அல்ல, கார் கொட்டிலைத்தான். 1992 முதல் அவருக்கு இந்தப் பழக்கம்.

அந்த வருடம் ஒரு மழை இரவில் கண்டியில் ஒரு கல்யாண வீட்டுக்குப் போய்விட்டு ஊர் திரும்பிக்கொண்டிருந்தோம். வாப்பாவின் கார் மொறிஸ் மைனர். கடுகண்ணாவை இறக்கத்தில் வைப்பரும் லைட்டும் ஒருசேர வேலை செய்துகொண்டிருந்தபோது டேஷ்போர்டுக்குக் கீழிருந்து புகை கிளம்பியது. வாப்பா மலைப்பக்கம் ஒதுக்கி நிறுத்திச் சாவியைத் திருகி அணைத்தார். எஞ்சின் நின்றது, புகை நிற்கவில்லை. சாவியை உருவி எடுத்தும் நிற்கவில்லை. பன்னிரண்டு வயதில் எனக்கு அதுதான் பெரிய பயமாக இருந்தது. சாவி வாப்பாவின் கையில் இருக்கிறது, கார் எரிந்துகொண்டிருக்கிறது!

போனட்டைத் திறந்தால் உள்ளே ஒரு கம்பி அடுப்புத் தணலாகச் சிவந்திருந்தது. பற்றரி முனையின் போல்ட் துருவேறி இறுகிப் போயிருந்தது. ஸ்பேனரைத் தேட நேரமில்லை. வாப்பா லேஞ்சியைக் கையில் சுற்றிக்கொண்டு அந்தக் கம்பியையே பிடித்து இழுத்துப் பிய்த்தார். லேஞ்சி என்ன பாதுகாப்பு? வலது உள்ளங்கையில் குறுக்காக ஒரு கோடு விழுந்தது. 2014இல் வாப்பாவைக் குளிப்பாட்டும்போது அந்தக் கோட்டின் மீது தண்ணீர் ஊற்றியவன் நான்தான்.

கார் என்னிடம் வந்தது. பத்தாம், பதினோராம் ஆண்டுகளுக்கு விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். வருடா வருடம் உருகியைப் பற்றிக் கரும்பலகையில் படம் கீறிக் காட்டுகிறேன். ஆனாலும் அந்த இரவில் உருகி ஏன் உருகவில்லை என்று ஒருநாளும் யோசித்துப் பார்க்கவில்லை. 2016இல் பஸாரிலுள்ள வயரிங் நாநாவிடம் காரைக் கொண்டுபோனபோதுதான் அதற்கு விடை கிடைத்தது.

மொறிஸ் மைனரின் உருகிப் பெட்டியில் இரண்டே இரண்டு கண்ணாடி உருகிகள்தான். இரண்டிலும் 35 அம்பியர் என்றிருக்கும். அது உருகும் அளவு. தொடர்ந்து தாங்குவது ஏறத்தாழ அதன் பாதிதான். ஹோர்ன், வைப்பர், பிரேக் லைட் போன்றவை மட்டுமே அவற்றின் வழியே போகின்றன. ஹெட்லைட்டுக்கு உருகி இல்லை. இக்னிஷனுக்கும் இல்லை. எல்லாவற்றுக்கும் தாயான மண்ணிறக் கம்பிக்கும் இல்லை. ஸ்டார்டருக்குப் போகும் தடித்த கேபிள் வந்திறங்கும் முனையிலிருந்து அந்தக் கம்பி புறப்பட்டு, ரெகுலேட்டர் பெட்டிக்குப் போய், அங்கிருந்து சாவிக்கும் லைட் சுவிட்சுக்கும் கிளைவிடுகிறது. சாவிக்கு முன்னாலேயே அதில் மின் இருக்கிறது. பிறகு சாவியை அணைத்து என்ன பயன்?

அந்தக் காலத்து பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் பற்றரியின் நேர்முனைதான் உடலோடு சேர்ந்திருக்கும். எஞ்சினுக்கும் நமது கால்களுக்கும் இடையிலுள்ள தகரத்தில் கம்பிகள் நுழையும் துளைக்கு ஒரு றப்பர் வளையம் போட்டிருப்பார்கள். முப்பது வருட வெயிலில் அது காய்ந்து உதிர்ந்துவிடும். தகரத்தின் விளிம்பு நாளொரு உராய்வாகக் கம்பியின் மேலுறையைத் தின்னும். செம்பு தகரத்தைத் தொட்ட கணத்தில் பற்றரி தன்னிடமுள்ளதையெல்லாம் அந்த வழியே கொட்டும். பன்னிரண்டு வோல்ற்று என்று இளக்காரமாக நினைக்கக் கூடாது. கையைத் தொட்டால் உறைக்காது. ஆனால் குறுக்குச் சுற்றில் சில நூறு அம்பியர்களைத் தரும். மின்னோட்டம் இரு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்காகும் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பவன் நான்.

நாநா ஒரு சாண் நீளக் கம்பியை எடுத்துக் காட்டினார். “இதுதான் மாஸ்டர், பியூசிபிள் லிங்க். பழைய ஜப்பான் கார்கள்ள பற்றரிக்குப் பக்கத்தில கண்டீப்பீங்களே. உங்கட வாப்பாட காருக்கு இதத்தான் போடாம உட்டீக்காங்க.”

பார்த்தால் சாதாரணக் கம்பிதான். வேலைதான் வேறு. தான் காக்கவேண்டிய கம்பியை விட நான்கு கேஜ் மெலிந்ததாக இருக்கவேண்டும், நீளம் ஒன்பது அங்குலத்தைத் தாண்டக்கூடாது. கேஜ் இலக்கம் கூடக்கூடக் கம்பி மெலியும். இது எங்கள் பிள்ளைகளுக்கு எப்போதும் தலைகீழாகவே ஏறும். கருகிப் போன மண்ணிறக் கம்பியின் ஒரு மிச்சத்தை வாப்பா பிஸ்கட் டின்னில் வைத்திருந்தார். அதைப் பிரித்து எண்ணினேன்: 44 இழைகள். ஏறத்தாழ 12 கேஜ். ஆகவே லிங்க் 16 கேஜ். குறுக்குவெட்டுப் பரப்பில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு.

அதன் மேலுறைதான் முக்கியம். உள்ளே செம்பு உருகி அறுந்தாலும் அது தீப்பற்றாது. கொப்புளித்து ஊதும், அவ்வளவே. கண்ணாடி உருகி போல அவசரக்காரனுமல்ல. ஒரு கணம் கூடுதலாக மின் பாய்ந்தால் பொறுத்துக்கொள்ளும்; தொடர்ந்தால்தான் விடும். மின் புறப்படும் இடத்துக்கு மிக அருகில் அதை வைக்கவேண்டும். அதற்கு முன்னாலுள்ள கம்பியை அதனால் காக்க முடியாதல்லவா? ஸ்டார்டரின் தடித்த கேபிள் இதில் சேராது. அது இழுக்கும் மின்னோட்டத்தை எந்த லிங்கும் தாங்காது. மெல்லிய கிளைக் கம்பிகளுக்கும் இது போதாதென்று ஹெட்லைட்டுக்கு வேறாக உருகிகள் போட்டோம். பற்றரி முனையில் கையாலேயே திருகிக் கழற்றும் ஒரு பித்தளைக் குமிழையும் நாநா மாட்டினார்; வாப்பாவின் கையைப் பற்றி நான் சொல்லியிருந்தேன். பழைய கார் பிரியர் ஒருவர் இதையெல்லாம் பார்த்து, அசல் கெட்டுவிட்டது என்று முகம் சுளித்தார். அந்த அசலைக் கடுகண்ணாவையில் ஒரு தடவை கண்டிருக்கிறேன் என்றேன்.

இத்தோடு நிறுத்தினால் என் கெட்டித்தனம் மட்டுமே மிஞ்சும். மற்றதையும் சொல்லிவிடுகிறேன்.

2022இல் பெற்றோல் இல்லாமல் கார் மாதக்கணக்கில் கொட்டிலில் கிடந்தது. கியூஆர் முறை வந்து கொஞ்சம் எண்ணெய் கிடைத்ததும் ஒரு காலையில் உம்மாவைக் கிளினிக்குக் கூட்டிப்போக எடுத்தேன். வாசல் கல்லில் ஏறி இறங்கியதும் எஞ்சின் செத்தது. போனட்டைத் திறந்தேன். லிங்க் கொப்புளித்திருந்தது. இழுத்தால் றப்பராக நீண்டது. உள்ளே செம்பு இல்லை. வேறெதுவும் கருகியிருக்கவில்லை. ஆறு வருடமாகச் சும்மா இருந்த துண்டு அன்று தன் வேலையைச் செய்திருந்தது.

நான் என்ன செய்தேன்? ஏன் உருகியது என்று தேடவில்லை. கிளினிக்கில் நம்பர் போய்விடும் என்ற அவசரம். வீட்டு வயரிங்கில் மிஞ்சிய ஒரு கம்பித் துண்டை லிங்கின் இடத்தில் முறுக்கினேன். கார் ஸ்டார்ட் ஆனது. “பாத்தீங்களா உம்மா” என்றும் சொன்னேன். உம்மா ஏறிக் கதவை அடித்துச் சாத்தினார். அந்த அதிர்வில் திறந்திருந்த போனட்டுக்குள் என் கம்பி சுவாலையோடு எரிந்தது.

குமிழை இரண்டு திருகு திருகிப் பற்றரி முனையைக் கழற்றினேன். கையில் ஒன்றுமில்லை. திரும்பிப் பார்த்தால் உம்மா செருப்பில்லாமல் முற்றத்து நடுவில் நின்றுகொண்டிருந்தார், கையில் கிளினிக் கொப்பி. என்னை ஏசவில்லை. ஏசியிருக்கலாம்.

டேஷ்போர்டுக்குப் பின்னால் எலி கூடு கட்டியிருந்தது. வைக்கோல், பஞ்சு, பரீட்சைத் தாள் துண்டுகள். மண்ணிறக் கம்பியை இரண்டு அங்குலத்துக்குக் கொறித்து வைத்திருந்தது. கார் குலுங்கும்போதெல்லாம் செம்பு தகரத்தைத் தொட்டிருக்கிறது. நாநா என் கருகிய கம்பியைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

“இத யாரு மாஸ்டர் போட்ட?”

“நான்தான் நாநா.”

அவர் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. கொறித்த பகுதியை வெட்டிப் புதுக்கம்பி சேர்த்து, துளைக்கு வளையம் போட்டு, பஞ்சிகாவத்தையிலிருந்து எடுப்பித்த புது லிங்கை மாட்டினார். அதே கேஜில் இரண்டு துண்டுகளைக் கடதாசியில் சுற்றிக் காரில் வைக்கத் தந்தார். எழுபத்தைந்து தாண்டிய உம்மா இப்போதும் ஏறுமுன் போனட்டருகே நின்று கேட்பார்:

“மகன், அந்தத் துண்டு ஈக்கிதா?”

திறந்து காட்டிய பிறகுதான் ஏறுவார்.