பாறையின் நாடி

பூமிக்கு அடியில் எண்ணெய் ஏரியைப் போலத் தளும்பிக் கொண்டிருக்கிறது, குழாயை இறக்கினால் பீறிட்டு வந்துவிடும் என்று எண்ணுகிறவர்கள் பலர். எண்ணெய்க் கிணறுகளில் நெடுங்காலம் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. இந்த ஏரிக் கதையைக் கேட்டால் அவருக்குச் சிரிப்பு வந்துவிடும்.

"ஈரச் செங்கல்லைப் பார்த்திருக்கிறீரோ இல்லையோ? அதுதான் ஓய், எண்ணெய் வயல்! கல்லுக்குள்ளே கண்ணுக்குத் தெரியாத துளைகள். அதில் எண்ணெயும் இருக்கும், உப்புத் தண்ணீரும் இருக்கும். இருப்பது பெரிசில்லை, எது வெளியே வரும் என்பதுதான் கேள்வி" என்பார்.

1927-ல் பிரான்ஸில் பெஷல்ப்ரான் என்ற இடத்தில், ஷ்லும்பெர்ஜே சகோதரர்களின் முறைப்படி, கிணற்றுக்குள் மின்சாரக் கருவியை இறக்கிப் பாறையைச் சோதித்தார்கள். உப்புத் தண்ணீரில் மின்சாரம் ஓடும், எண்ணெயில் ஓடாது. எளிய கணக்குத்தான். ஆனால் சில பாறைகளில் மிக நுண்ணிய துளைகளில் தண்ணீர் சுவரோடு ஒட்டிக் கொண்டிருக்கும். அது வெளியே வரவே வராது. பக்கத்துப் பெரிய துளைகளிலோ நல்ல எண்ணெய் இருக்கும். மின்சாரம் அந்த ஒட்டிய தண்ணீர் வழியே ஓடி, "இங்கே தண்ணீர்தான்" என்று சாட்சி சொல்லிவிடும். ஏராளமான பணத்தைக் கொட்டித் தோண்டிய கிணற்றை, அந்தச் சாட்சியை நம்பி மூடிவிட்டுப் போனவர்கள் உண்டு.

இந்த வழக்கில் புதிய சாட்சி வந்தது எதிர்பாராத திசையிலிருந்து. 1946-ல் அமெரிக்காவில் பீலிக்ஸ் பிளாக், எட்வர்ட் பர்ஸெல் என்ற இரு விஞ்ஞானிகள், தனித்தனியே, ஒரே உண்மையைக் கண்டார்கள். ஹைட்ரஜன் அணுவின் கரு ஒரு குட்டிக் காந்தம். வலிய காந்தத்தின் அருகே அது வரிசையில் நிற்கும். ரேடியோ அலையால் தட்டிச் சாய்த்தால் தலை சுற்றும் பம்பரம் போல ஆடி, மெல்லிய குரல் கொடுத்து, பிறகு அடங்கும். 1952-ல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அந்தச் சோதனைகள் நடந்த குளிர்காலத்தில் பனியையே புதிய கண்களால் பார்த்ததாகப் பர்ஸெல் தம் பரிசுரையில் சொன்னார்.

தண்ணீரிலும் ஹைட்ரஜன் உண்டு, எண்ணெயிலும் உண்டு. ஆகவே 1960-ஆம் ஆண்டு வாக்கிலேயே இந்தக் குரலைக் கிணற்றுக்குள் கேட்கத் தொடங்கிவிட்டார்கள். தொல்லை என்னவென்றால், கிணற்றில் நிரம்பியிருக்கும் சேற்றிலும் ஹைட்ரஜன் உண்டு. அதன் கூச்சலில் பாறையின் முணுமுணுப்பு அமுங்கிப் போயிற்று. காந்தக் கல்லின் பொடியைச் சேற்றில் கலந்து அதன் வாயை அடைக்க வேண்டியிருந்தது!

ஆஸ்பத்திரியில் காந்தத்துக்குள் நோயாளியைப் படுக்க வைக்கிறார்கள். பூமியை அப்படிப் படுக்க வைக்க முடியுமா? 1978-ல் லாஸ் அலமாஸ் ஆய்வுக்கூடத்தில் ஜாஸ்பர் ஜாக்ஸன் இதைத் தலைகீழாக்கினார். காந்தத்தையே கிணற்றுக்குள் அனுப்பி, அதன் பார்வை சேற்றைத் தாண்டிப் பாறையில் விழும்படி அமைக்கலாம் என்றார். 1990-களில் அவ்வகைக் கருவிகள் கிணறுகளில் பழக்கத்துக்கு வந்தன.

குரல் எவ்வளவு பலமாக எழுகிறதோ அவ்வளவு திரவம் பாறையில் இருக்கிறது. எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்பதில்தான் மற்ற ரகசியம். நுண்துளையில் அகப்பட்ட கரு அடிக்கடி சுவரில் மோதிச் சட்டென்று அடங்கிவிடும். அகன்ற துளையில் உள்ளது நிதானமாக அடங்கும். மணற்பாறைக்கு வழக்கமான எல்லை 33 மில்லி செகண்டு. அதற்குள் அடங்கினால் ஒட்டிக் கிடப்பது. அதற்கு மேலும் ஒலித்தால் ஓடி வரக்கூடியது. கண் இமைக்கும் நேரத்துக்கும் குறைவான அந்த அவகாசத்தில் ஒரு கிணற்றின் தலைவிதி இருக்கிறது!

"அப்படியானால் இந்தச் சாட்சி பொய்யே சொல்லாதா?" என்று நண்பரைக் கேட்டேன்.

"சொல்லும் ஓய். பாகு போலக் கெட்டியான எண்ணெய் இருக்கிறதே, அதுவும் சீக்கிரம் அடங்கிவிடும். ஒட்டிய தண்ணீர் என்று ஏமாந்து போவோம். அதனால் பழைய மின்சாரச் சாட்சியையும் பக்கத்திலே நிறுத்தி வைத்துக்கொண்டுதான் விசாரிக்க வேணும். இரண்டும் முரண்பட்டால் கோபித்துக் கொள்ளக் கூடாது. அங்கேதான் விஷயமே இருக்கிறது!"