கலஹா மலைச்சரிவும் கணுக்கால் நோவும்

கண்டியிலிருந்து பேராதனைக்கு வந்து கலஹா சந்தியில் திரும்பினால், பாதை முதலில் பல்கலைக்கழக வளாகத்துக்குள் நுழைகிறது. 1952இல் பேராதனைக்கு இடம்பெயர்ந்த அந்தக் கலாசாலையின் நிழல் மரங்களைத் தாண்டியதும் ஏற்றம் ஆரம்பம். ஹந்தான மலையை ஒட்டி பஸ் வளைந்து வளைந்து ஏற, காது அடைக்கும். காற்றில் குளிர் தட்டும். பிறகு கண்ணுக்கெட்டிய தூரம் தேயிலைதான்.

கலஹாவையும் கடந்து தெல்தோட்டைப் பக்கம் போனால் லூல்கந்துர தோட்டம் வரும். ஸ்கொட்லாந்துக்காரரான ஜேம்ஸ் டெய்லர் 1867இல் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டது அங்கேதான். இலங்கைத் தேயிலையின் வரலாறு அங்கே தொடங்குகிறது என்று பள்ளிக்கூடப் புத்தகம் சொல்லும். இந்தச் சரிவுகளில் ஓடித் திரிந்த பையன்களுக்கோ அது வரலாறு அல்ல, விளையாட்டுத் திடல்!

சமதரை என்பது இந்தப் பக்கத்தில் எளிதில் கிடைக்காத பொருள். ஆகவே விளையாட்டெல்லாம் சரிவில்தான். காய்ந்த கமுகம் பாளையில் ஒருவர் பின் ஒருவராக மூன்று பேர் அமர்ந்து மானாப்புல் மேட்டிலிருந்து சறுக்குவோம். பலகையின் அடியில் பழைய போல் பெயாரிங் பூட்டிய வண்டியில் தார்ப்பாதையின் இறக்கத்தில் பாய்வோம். பிரேக் என்பது குதிகால்தான். வளைவில் பஸ் வந்தால் பக்கத்துக் கானில் விழுவதே தப்பும் வழி.

1996 வந்தது. மார்ச் 6ஆம் திகதி கண்டி அஸ்கிரிய மைதானத்தில் கென்யாவுக்கு எதிராக இலங்கை 5 விக்கட்டுக்கு 398 ஓட்டங்கள் குவித்தது. ஒருநாள் போட்டிகளில் அன்று அதுவே உலக சாதனை. 17ஆம் திகதி லாகூரில் உலகக் கிண்ணமும் கைக்கு வந்தது. கண்டியில் பிறந்த முரளிதரனும் அந்த அணியில் இருந்தார். அதற்குப் பிறகு கேட்கவும் வேண்டுமா? அஸர் தொழுதுவிட்டு மஃரிப் பாங்கு வரை கிரிக்கட்தான். பந்து உருண்டு தேயிலைக்குள் போகும். துரத்திக்கொண்டு வெறுங்காலோடு பாய்வோம். கவ்வாத்து வெட்டிய செடியின் குச்சிகள் காலைக் கிழிக்கும், அட்டை ஏறும், புல் மூடிய கான் கணுக்காலை முறுக்கிவிடும். எழுந்து மண்ணைத் தட்டிவிட்டு மறுபடி ஓடுவோம். அந்தச் சந்தோஷத்துக்கு ஈடாக இன்னொன்றை இதுவரை நான் காணவில்லை, அல்ஹம்துலில்லாஹ்.

ஆனால் உடம்பு எதையும் மறப்பதில்லை. இன்று நடு இருப்பில் இடது பாதத்தை மடித்து அமரும்போது அந்தக் கான் நினைவுக்கு வருகிறது. மலையில் குளிர் கூடினால் முழங்கால் முந்திக்கொண்டு சேதி சொல்கிறது. அன்று என்னோடு விளையாடிய ஒருவர், ஐம்பதை எட்டுவதற்குள் நாற்காலியில் அமர்ந்து தொழுகிறார்.

இதற்குக் காரணம் உண்டு. எலும்பையும் எலும்பையும் இணைக்கும் தசைநார் இழுபட்டால் ஆறுவதற்கு வாரக்கணக்கில் ஓய்வு வேண்டும். ஆறுமுன் ஓடினால் அதே இடம் மறுபடி மறுபடி சுளுக்கும். இளவயதில் பலமாக அடிபட்ட மூட்டில், பின்னாளில் குருத்தெலும்பு தேய்ந்து வாதம் வரும் சாத்தியமும் அதிகம். வளரும் பிள்ளைகளின் எலும்பு நுனிகளில் வளர்ச்சி நடக்கும் பகுதி மென்மையானது. சுளுக்கு என்று நாம் நினைப்பது அங்கே முறிவாகவும் இருக்கலாம்.

சகோதரிகளே, என்னிடம் ஓதும் பிள்ளைகளில் யாராவது காலைச் சாய்த்து நடந்து வந்தால், "வீட்டில் சொன்னாயா?" என்றுதான் முதலில் கேட்பேன். பெரும்பாலும் பதில் இல்லை. சொன்னால் அடி விழும், அல்லது விளையாட்டு நின்றுவிடும் என்ற பயம். அந்தப் பயம்தான் கானை விட ஆபத்தானது. ஆகவே ஏச்சைப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். முதலில் காலைப் பாருங்கள்.

புதிதாக அடிபட்ட இடத்தைத் தேய்த்து வழிக்க வேண்டாம். ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி வையுங்கள். காலை உயர்த்தி வைத்து ஓய்வு கொடுங்கள். கால் ஊன்ற முடியாவிட்டாலோ, விரைவாக வீங்கினாலோ, முழங்கால் மடங்காமல் இறுகினாலோ தாமதிக்காமல் வைத்தியசாலைக்குக் கொண்டுபோய் எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள்.

அதற்காகப் பிள்ளைகளை வீட்டில் பூட்டிவிடாதீர்கள். பெண் பிள்ளைகளுக்கும் ஓட ஒரு முற்றம் வேண்டும். நபி (ஸல்) அவர்கள் ஆயிஷா (ரலி) அவர்களோடு ஓட்டப் பந்தயம் வைத்ததையும், முதல் முறை ஆயிஷா நாயகி முந்தியதையும் ஹதீஸில் படிக்கிறோம் அல்லவா? உடம்பு அல்லாஹ் தந்த அமானிதம். பூட்டி வைத்தாலும் அது துருப்பிடிக்கும், கவனியாது விட்டாலும் உடையும். ஓடட்டும், விழுந்தால் வந்து சொல்லும் தைரியம் மட்டும் அவர்களுக்கு நம் வீட்டில் இருக்கட்டும்.