பாதியில் நின்ற படிப்பு

கல்லூரிக்குப் போய்ப் பட்டம் வாங்காமல் திரும்பியவனை ஊர் ஒரே வார்த்தையில் முடித்துவிடும்: "படிப்பு ஏறலை." காரணம் பல வீடுகளில் வேறாகத்தான் இருக்கும்.

1974-ல் நான் பி.எஸ்சி. இரண்டாம் வருஷம் படிக்கையில் அப்பா தவறிப்போனார். எனக்குக் கீழே இரண்டு தங்கைகள். டி.சி. வாங்கி வந்துவிட்டேன். எது பிடிக்கும் என்று யோசிக்க நேரமில்லை. எது சீக்கிரம் சம்பளம் தரும் என்பதே கேள்வி. டைப்ரைட்டிங்கில் லோயர், ஹையர் முடித்து, சர்வீஸ் கமிஷன் பரீட்சை எழுதித் தட்டச்சரானேன். தங்கைகள் கல்யாணம் முடிந்தபின், மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் அஞ்சல் வழியில் பி.ஏ. சேர்ந்தேன். ராத்திரி பத்து மணிக்கு மேல்தான் புத்தகம்.

என்னோடு படித்த ஒருவனும் பாதியில் நின்றவன்தான். தொழிற்சாலையில் டிரேஸராகச் சேர்ந்து, ஏ.எம்.ஐ.இ. செக்‌ஷன் ஏ, செக்‌ஷன் பி இரண்டையும் வேலை பார்த்துக்கொண்டே எழுதி இன்ஜினியர் ஆனான். இன்னொருவன் கோயம்புத்தூரில் மோட்டார் வைண்டிங் கற்றுக்கொண்டான். அதன்பின் அவன் பரீட்சையே எழுதவில்லை. சொந்தப் பட்டறை வைத்தான். எங்கள் மூவருக்குமே வேலைதான் முதலில் வந்தது. மேலே என்ன படிக்கலாம், படிக்கத்தான் வேண்டுமா என்பதை அந்த வேலை சொல்லிக்கொடுத்தது.

இப்போது என் தங்கை பேரன் இன்ஜினியரிங் மூன்றாம் வருஷத்தோடு நின்றுவிட்டான். வீட்டில் யாரும் அவனோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அவனிடம் நான் சொன்னவை இவை:

முதலில் ஒரிஜினல் சான்றிதழ்களைத் திரும்ப வாங்கு. அரியர் எழுத எந்த வருஷம் வரை அனுமதி என்று பல்கலைக்கழகத்தில் கேள். பிளஸ் டூ சான்றிதழை யாரும் பறிக்க முடியாது. அதை வைத்து 1985-ல் வந்த இக்னோவிலோ, 2002-ல் வந்த தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்திலோ பட்டம் படிக்கலாம். கைத்தொழில் பிடிக்குமென்றால் ஐ.டி.ஐ. இருக்கிறது. ஏ.எம்.ஐ.இ. மட்டும் முன்போல் இல்லை. 2013 மே மாதத்துக்குப் பிறகு சேர்ந்தவர்களுக்கு அது பி.இ.க்குச் சமமாக எடுத்துக்கொள்ளப்படுவதில்லை. எதில் பணம் கட்டுவதானாலும், நீ போக நினைக்கும் வேலைக்கு அந்தப் படிப்பு செல்லுமா என்று விசாரித்துவிட்டுக் கட்டு.

தங்கையிடம் சொன்னது ஒன்றுதான்: "அவன் முடிவெடுக்க ஆறு மாதம் ஆனாலும் ஆகட்டும். அதுவரை அவனோடு உட்கார்ந்து சாப்பிடும்மா."