கொல்லையில் ஒரு கறிவேப்பிலை

ஜார்ஜ் டவுன், பினாங்கு.



நேற்று வெள்ளிக்கிழமை. கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலில் தொழுகை முடிந்து ஆட்கள் சாலையில் இறங்கிக்கொண்டிருந்த நேரம். வெள்ளைத் தொப்பி அணிந்த பெரியவர் ஒருவர் சந்துக்குள் திரும்பி, எங்கள் அஞ்சடியில் வந்து நின்றார். கடைவீடுகளுக்கு முன்னால் ஐந்தடி அகலத்தில் ஓடும் கூரையிட்ட நடைபாதைக்கு இங்கே அஞ்சடி என்று பெயர்.

"நான் பொறந்து வளர்ந்த வூடும்மா இது. கொல்லையை ஒரு தரம் பார்த்துக்கட்டுமா?"

"உள்ள வாங்க பாய்" என்றேன். எட்டு மாதத்துக்கு முன்னால் அவர் வந்திருந்தால் கொல்லைக் கதவையே திறந்திருக்க முடியாது.

தோட்டம் என்றால் இந்நாட்டுத் தமிழர்களுக்கு ரப்பர்த் தோட்டம்தான் நினைவுக்கு வரும். தலைமுறைகளின் வேர்வை ஊறிய சொல் அது. அதனால் திருவாரூர்ப் பக்கத்தில் நாங்கள் சொல்கிற மாதிரி, கொல்லை என்றே வைத்துக்கொள்கிறேன்.

அந்தக் கொல்லை காடானதற்குக் காரணம் ஒரு சட்டம். 1948-க்கு முன்பு கட்டிய வீடுகளுக்கு மலேசியாவில் வாடகைக் கட்டுப்பாடு இருந்தது. 1999 முடிவோடு அது நீங்கியது. வாடகை ஏற ஏற, காலம்காலமாகக் குடியிருந்தவர்கள் நகரத்தை விட்டு அடுக்குமாடிகளுக்குப் போனார்கள். வீடுகள் பூட்டிக் கிடந்தன. 2008-இல் ஜார்ஜ் டவுனை யுனெஸ்கோ உலக மரபு நகரமாக அறிவித்தபின் முகப்புகளுக்கு வண்ணம் வந்தது. கொல்லைப் பக்கம் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

கொல்லையைச் சீராக்க இறங்கிய முதல் நாள் நான் கண்டது, சுவரில் முளைத்திருந்த அரசமரத்தைத்தான். பறவை போட்ட விதை. வேர் சுண்ணாம்புச் சாந்துக்குள் புகுந்து செங்கற்களைக் கவ்விப் பிடித்திருந்தது. பிடுங்கிவிடலாம் என்று கை வைத்தேன். கொத்தனார் தடுத்தார். பிடுங்கினால் சுவரும் கூடவே வந்துவிடுமாம். அடியோடு வெட்டிவிட்டு, துளிர்க்கும் ஒவ்வொரு கொழுந்தையும் கிள்ளிக்கொண்டே இருந்தால் வேர் உள்ளேயே செத்துப்போகும் என்றார். விரிசலுக்கும் சிமெண்டு பூசவிடவில்லை. பழைய செங்கல்லில் ஏறும் ஈரத்தைச் சுண்ணாம்பு வெளியே விடும், சிமெண்டு உள்ளே பூட்டிவைத்துச் செங்கல்லை உதிர்த்துவிடும். நான்கு மாதம் கொழுந்து கிள்ளினேன். ஐந்தாம் மாதம் மரம் கைவிட்டது.

குப்பை அள்ள மட்டும் 11 சனிக்கிழமைகள் ஆயின. உடைந்த ஓடுகள், துருப்பிடித்த தகரம், மழைநீர் தேங்கிய தகர டின்கள். டின்களைத்தான் முதலில் கவிழ்த்தேன், டெங்கிக் கொசுவுக்கு அந்தத் தண்ணீர் போதும். மண்ணில் சுண்ணாம்புத் தூள் கலந்து வெளுத்துக் கிடந்தது. காய்கறிக் கழிவையும் தேங்காய்ச் சக்கையையும் மக்கவைத்துச் சேர்த்தேன். ஒருநாள் கைப்பிடி மண்ணை அள்ளினால் அது கறுத்து, பொலபொலவென்று உதிர்ந்தது. நடுவில் ஒரு மண்புழு. கடல் தாண்டி வந்த இத்தனை ஆண்டுகளில் இந்த ஊர் என் ஊர் என்று நான் உணர்ந்தது அந்தக் காலையில்தான்.

வெயில் பட்ட மூன்றாம் வாரம் மூலையில் ஏதோ துளிர்த்தது. களை என்று கிள்ளப்போன விரலில் கறிவேப்பிலை வாசம். பட்டுப்போன ஒரு பழைய அடிமரத்தின் வேரிலிருந்து கிளம்பிய கன்றுகள், ஒன்றல்ல, ஆறு. அரிசி களைந்த தண்ணீரும் புளித்த மோருமாக ஊற்றினேன். இன்று என் இடுப்புயரம்.

பெரியவர் நேராக அந்த மூலைக்குத்தான் போனார். ஓர் இலையைக் கசக்கி முகர்ந்து, கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார்.

"எங்க உம்மா வச்சது. வாப்பா நாகூர்லேர்ந்து வந்த கப்பல்ல கொண்டாந்த கன்னு."

நாகூர் எங்கள் ஊருக்கு எவ்வளவு பக்கம் என்று சொன்னேன். ஒன்பதாம் மாடியில் இருக்கும் தன் வீட்டுத் தாழ்வாரத்தில் ஒரு தொட்டி வைக்க இடமிருக்கிறது என்றார் அவர். கன்றை உடனே பெயர்த்தால் பிழைக்காது. தாய்வேரோடு சேரும் இடத்தை மட்டும் மண்வெட்டியால் வெட்டிவிட்டு, தனக்கென்று வேர்விடும் வரை அங்கேயே விட்டுவைக்கவேண்டும். இருவரும் குனிந்து மண்ணை விலக்கினோம். வெட்டை அவரே போட்டார்.

ஒரு மாதம் கழித்து, வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்ததும் தொட்டியோடு வருகிறேன் என்று சொல்லிப் போயிருக்கிறார்.