வாட்டர் வாஷ் முற்றத்தில் கோடு

சாலையில் கோடு போட விதிநூல் இருக்கிறது. இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸின் ஐ.ஆர்.சி. 35, 2015-இல் திருத்தப்பட்டு வந்தது. கோட்டின் அகலம், இடைவெளி, நிறம், அம்புக்குறியின் அளவு என எல்லாம் அதில் உண்டு. ஆனால் அது பொதுச்சாலைக்கு. உத்திரமேரூர் பக்கத்து வாட்டர் வாஷ் கடைக்கு அதை வைத்துக்கொண்டு கொஞ்ச தூரம்தான் போக முடியும்.

இங்கே ஒரே முற்றத்துக்குள் ஸ்விஃப்ட் காரும் வரும், குவாரித் தூசியோடு டிப்பரும் வரும். அறுவடை முடிந்தால் சேறு அப்பிய டிராக்டர், டிரெய்லரோடு வந்து நிற்கும். ஸ்விஃப்ட் திரும்ப 4.8 மீட்டர் ஆரம் போதும். நீள வண்டியின் பின்சக்கரமோ முன்சக்கரம் போன தடத்தில் போகாது, உள்ளே வெட்டும். காரை மனதில் வைத்து வளைவு போட்டால் முதல் டிப்பரே தூணின் மூலையைப் பெயர்த்துவிடும். அதனால் பெயின்ட் டப்பாவைத் திறக்குமுன் சுண்ணாம்புத் தூளில் கோடு இழுத்து விட்டுவிடுவேன். இரண்டொரு நாள் வண்டிகள் ஏறி இறங்கட்டும். தூள் கலைந்த இடத்தில் கோட்டைத்தான் நகர்த்த வேண்டும், டிரைவரை நகர்த்த முடியாது.

வண்டி சுற்றும் திசையில் மட்டும் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. கோயில் பிரகாரம் போல வலமாகத்தான் வர வேண்டும். நாம் சாலையில் இடப்பக்கம் போகிறவர்கள். முதலில் வரும் கேட்டில் இடப்பக்கம் ஒடித்து நுழைந்து, உள்ளே வலப்பக்கமாகவே சுற்றி, அடுத்த கேட்டில் மறுபடி இடப்பக்கம் ஒடித்தால் எதிரே வரும் பஸ்ஸுக்குக் குறுக்கே போகவே வேண்டாம். டிரைவர் உட்கார்வதும் வலப்பக்கம், வளைவின் உள்மூலை அவர் கண்ணுக்கு நேராக இருக்கும். இடமாகச் சுற்ற விட்டால் தூண் கண்ணில் படாத பக்கத்தில் போய்விடும்.

அடுத்தது முறை. ஆளைத் தேர்ந்தெடுக்கும் முறையை 921-லேயே கல்வெட்டில் பொறித்த ஊர் உத்திரமேரூர். ஆயுதபூஜைக்கு முந்தின நாள் வாட்டர் வாஷ் கடையில் போய் நின்று பாருங்கள், யார் முதலில் வந்தது என்று சட்டையைப் பிடித்துக்கொண்டிருப்பார்கள். காத்திருக்கும் தடத்தில் தரையிலேயே 1, 2, 3 என்று பெரிதாக எண் எழுதினால் பாதிச் சண்டை குறைகிறது. மீதிப் பாதி கடைக்காரரின் மச்சான் வண்டியால் வருவது. அதற்குப் பெயின்ட் இல்லை.

கழுவி முடித்துத் துடைக்கிற இடத்துக்கு, கார் நிறுத்த வழக்கமாகப் போடும் 2.5 மீட்டர் அகலக் கட்டம் பற்றாது. நாலு கதவும் திறந்து, வாக்குவம் குழாயோடு ஆள் சுற்றி வர வேண்டும். 3.5 மீட்டர் கேட்டு வாங்கிவிடுவேன்.

பெயின்ட்தான் பெரிய தலைவலி. நெடுஞ்சாலையில் பார்க்கும் தெர்மோபிளாஸ்டிக்கை 200 டிகிரி அளவுக்கு உருக்கி இரண்டு, மூன்று மில்லிமீட்டர் கனத்தில் போடுவார்கள். தார் மேல் அது உருகிப் பிடிக்கும். கான்கிரீட்டில் பிரைமர் இல்லாமல் போட்டால் அப்பளமாகப் பெயரும். கனமான கோடு சரிவுக்குக் குறுக்கே கிடந்தால் தண்ணீரையும் சேற்றையும் தேக்கும், நடுவே இடைவெளி விட வேண்டியிருக்கும். சாதாரண ரோடு பெயின்ட் போடலாம் என்றால் வண்டியின் அடிப்பாகத்துக்கு டீசல் அடிக்கிறார்கள், பெயின்ட் இளகிவிடும். ஆகவே ஈரம் படும் இடத்துக்கு இரண்டு டப்பா கலந்து பூசும் எபாக்ஸி. அதுவும் வெயிலில் மங்கி மாவு பூக்கும் என்பதால் கூரைக்கு வெளியே மேலே ஒரு கோட் பாலியூரித்தேன் (பி.யூ.). வழுக்காமலிருக்க ஈரப் பெயின்ட்டின் மேல் சலித்த மணலைத் தூவுவது கட்டாயம். ஷாம்பு நுரையும் வழவழ பெயின்ட்டும் சேர்ந்தால் பைக்கில் வருகிறவர் விழுவார்.

எந்தப் பெயின்ட்டானாலும் தரை தயாராக இருந்தால்தான் நிற்கும். புதுக் கான்கிரீட்டுக்கு 28 நாள் கொடுக்கச் சொல்வேன், கடைக்காரர் திறப்பு விழா தேதியைச் சொல்வார். பாலிதீன் தாள் ஒன்றைத் தரையில் நாலு பக்கமும் டேப் ஒட்டி இரவு முழுக்க விட்டுவைப்பேன். காலையில் அடியில் முத்து முத்தாக நீர் கோத்திருந்தால் அதைக் காட்டினாலே போதும், தேதி தானாகத் தள்ளிப்போகும். பழைய தரையானால் எண்ணெய்க் கறையைத் தேய்த்து எடுக்காமல் பிரஷ்ஷைத் தொடக்கூடாது. பிரஷர் கன் நேரே அடிக்கும் இடத்தில் கோடே வேண்டாம், ஓரத்தில் பிடித்துச் சுருட்டிவிடும்.

புதிதாகக் கடை வைக்கிறவர்களுக்கு: கோடு போடுகிறவரைக் கடைசியில் கூப்பிடாதீர்கள். தூணும் ராம்ப்பும் சேற்றுத்தொட்டியும் எங்கே வரும் என்று முடிவெடுக்கும் அன்றைக்கே கூப்பிடுங்கள். மண்தரையில் இழுத்துப் பார்க்க ஒரு மூட்டை சுண்ணாம்புத் தூள்தான் செலவு.